ஸ்கொலர்ஷிப்பில் வந்த தலவாக்கலைத் தம்பிக்கு

தம்பி, நீங்கள் நீளமாக எழுதியதில் மூன்று கேள்விதான் இருக்கிறது. மாஸ்டர்ஸ் படிக்க ஸ்கொலர்ஷிப்பில் டொரன்டோ வந்து ரெண்டு கிழமை ஆகிறது, கையில் இருக்கும் காசு வீட்டு முன்பணத்தோடு முடிந்துவிடும், இதைப் பேராசிரியரிடம் சொன்னால் இளக்காரமாக நினைப்பாரா என்பது ஒன்று. 'மென்டர்' என்று ஒரு சீனியரை ஒதுக்கியிருக்கிறார்கள், அவரிடம் போய் என்னத்தைப் பேசுவது என்பது ரெண்டாவது. சாதாரண தரம் முடித்த தங்கச்சிக்கு ஊரில் என்ன உதவி கிடைக்கும் என்பது மூன்றாவது. நானும் பொகவந்தலாவைப் பக்கம் லயத்தில் (தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில்) வளர்ந்து, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்து, உங்களை மாதிரியே வந்து டொரன்டோவின் ஸ்காபரோ பக்கம் தங்கிப்போனவள்தான்.

முதல் கேள்விக்குப் பதில்: சொல்லுங்கள், இன்றைக்கே சொல்லுங்கள். நமக்கு இல்லாமையைச் சொல்வதென்றால் தோட்ட ஆபீஸ் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிற ஞாபகம்தான் வரும், அதனால்தான் வாய் வருவதில்லை. இங்கே அது வெறும் அலுவலக வேலை. ஸ்கொலர்ஷிப் பணத்தின் முதல் தவணை பெரும்பாலும் செப்டெம்பர் கடைசியில்தான் கணக்குக்கு வரும், வீட்டுக்காரரோ முதல் மாதமும் கடைசி மாதமும் சேர்த்து இப்போதே கேட்பார், இந்த இடைவெளியில் வருஷா வருஷம் யாராவது மாட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். (ஒன்டாரியோ சட்டப்படி கடைசி மாத வாடகையை முன்பணமாக வாங்கலாம். அதற்கு மேல், சேதத்துக்கு என்று தனியாகக் கேட்டால் கொடுக்க வேண்டாம்.) உங்கள் பேராசிரியருக்கு நாலே வரி போதும்: முதல் தவணை இன்ன தேதிக்கு, வாடகை இன்ன தேதிக்கு, இவ்வளவு குறைகிறது, முன்கூட்டித் தர வழி உண்டா, இல்லையென்றால் அவசர உதவிநிதிக்கு யாரைப் பார்ப்பது. குடும்பக் கதையெல்லாம் அதில் தேவையில்லை. ஆனால் நிதி உதவிப் படிவத்தில் பெற்றோர் வருமானம் கேட்டால் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். மானத்துக்குப் பயந்து கூட்டி எழுதிவிட்டு, 'உங்களுக்குத் தேவை இல்லை' என்று பதில் வாங்கிய நம் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். தோட்டத்து நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனதே 2021இல்தான், அதற்கே எத்தனை வருஷம் கத்த வேண்டியிருந்தது, இதில் மறைக்க என்ன இருக்கிறது?

மென்டர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் அவரை ஏதோ சம்பிரதாயம் என்று நினைக்கிறீர்கள்.

நான் உயர்தரம் பாஸ் பண்ணியபோது எங்கள் கணித சேர் ஒரு நாள் பின்னேரம் முழுக்க என் பல்கலைக்கழக விண்ணப்பத்தோடு உட்கார்ந்தார். எந்தப் பாடநெறியை முதலில் போடுவது, எதை அடுத்தது போடுவது என்று கோப்பியும் கையுமாக வரிசைப்படுத்தினார், வெட்டுப்புள்ளி (இடம் கிடைக்கத் தேவையான ஆகக் குறைந்த புள்ளி) தெரியாமல் ஆசைக்கு எழுதினால் இடம் கைநழுவிப் போகும் என்பது எங்கள் வீட்டில் யாருக்குத் தெரியும்? அப்புறம் முகவரி எழுதும் இடத்துக்கு வந்ததும் என் கையைப் பிடித்து நிறுத்தினார். லயத்துக்கு இலக்கமும் இல்லை, தெருப்பெயரும் இல்லை, கடிதமெல்லாம் தோட்ட ஆபீசுக்குத்தான் போகும், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் கூப்பிட்டுக் கொடுத்தால் உண்டு, மறந்தால் மேசையிலேயே கிடக்கும். பக்கத்து டிவிஷனில் ஒரு அக்காவுக்கு நேர்முகப் பரீட்சைக் கடிதம் கைக்கு வந்தபோது அந்தத் தேதியே முடிந்திருந்தது. சேர் ஹட்டனில் இருந்த தன் வீட்டு முகவரியை எழுதச் சொன்னார். பல்கலைக்கழக மாணவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் உதவிப்பணமான மஹாபொல விண்ணப்பத்துக்கும் அவரே அம்மாவின் சம்பளச் சீட்டை வாங்கி வரச் சொல்லி, கிராம சேவகரிடம் எந்தக் கிழமை போனால் ஆள் இருப்பார் என்பது வரைக்கும் சொல்லி அனுப்பினார். மஹாபொல காசில்தான் பேராதனையில் சாப்பிட்டேன், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காசு என்னைத் தேடி வந்து சேர்ந்ததே அந்த ஹட்டன் முகவரியால்தான்.

இது என் ஒருத்தியின் கதை மட்டும் இல்லை. நீங்கள் இருக்கும் இதே ஊரில் ரீஜென்ட் பார்க் என்று ஏழைக் குடும்பங்கள் நிறைய இருந்த அரசாங்க வீட்டுத்தொகுதி ஒன்று உண்டு. அங்கே 2001இல் 'பாத்வேஸ் டு எஜுகேஷன்' என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். ஒன்பதாம் வகுப்பிலிருந்தே பிள்ளைக்கு மாலையில் டியூஷன், பஸ் டிக்கெட், மேற்படிப்புக்கென்று வருஷா வருஷம் ஒதுக்கி வைக்கும் பணம், இதெல்லாத்துக்கும் மேலே பிள்ளையையும் வீட்டையும் பள்ளிக்கூடத்தையும் விடாமல் துரத்திப் பேசும் ஒரு ஆள். பொருளியல் ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்து 2017இல் வெளியிட்டபோது, பள்ளிப் படிப்பை முடிப்பவர்களும் மேற்படிப்புக்குப் போகிறவர்களும் நன்றாகவே கூடியிருந்தது தெரிந்தது. நியூயோர்க் நகரக் கல்லூரிகளிலும் 2007 முதல் இதே மாதிரி ஒன்று நடக்கிறது: கட்டணக் குறையை நிரப்பி, புத்தகத்துக்கும் ரயிலுக்கும் காசு கொடுத்து, கூடவே ஆலோசகரை அடிக்கடி கட்டாயம் சந்திக்க வைப்பார்கள். குலுக்கல் முறையில் மாணவர்களைப் பிரித்துப் பார்த்த ஆய்வில், மூன்று வருஷத்துக்குள் பட்டம் முடித்தவர்கள் இந்தத் திட்டத்தில் 40 வீதம், வெளியில் இருந்தவர்கள் 22 வீதம். கவனியுங்கள், ரெண்டு இடத்திலும் வெறும் காசை மட்டும் கொடுத்துவிட்டு விடவில்லை, ஆளையும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள்.

அதனால் உங்கள் மென்டரைப் பார்க்கப் போங்கள், ஆனால் 'எனக்கு அறிவுரை சொல்லுங்கள்' என்று போகாதீர்கள், அவர் 'தன்னம்பிக்கையோடு இருங்கள்' என்று சொல்லி கோப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார். குறிப்பாகக் கேளுங்கள். இந்தப் பேராசிரியர் எத்தனை நாளைக்கு ஒரு முறை முன்னேற்றம் கேட்பார்? போன வருஷம் எந்தப் பாடத்தில் ஆட்கள் விழுந்தார்கள்? உதவி ஆசிரியர் வேலைக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும், யார் தெரிவு செய்கிறார்கள்? உங்கள் விண்ணப்பத்தின் பிரதி ஒன்றைக் காட்ட முடியுமா? கடைசிக் கேள்விதான் தங்கம், அதைக் கேட்க நம்மில் முக்கால்வாசிப் பேர் கூச்சப்படுகிறோம், பணக்கார வீட்டுப் பிள்ளை அதைச் சாப்பாட்டு மேசையிலேயே தன் மாமாவிடம் கேட்டு வாங்கிவிடுகிறது. பேராசிரியர்கள் அறையைத் திறந்து வைத்து உட்காரும் நேரம் பாடத்திட்டத் தாளில் போட்டிருக்கும், அதற்கும் போங்கள். 'சேர்' போடாமல் பெயரைச் சொல்லிக் கூப்பிட நாக்கு கூசும், பரவாயில்லை, பழகிவிடும். நாளைக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதப்போகிறவர் உங்கள் முகத்தையாவது தெரிந்து வைத்திருக்க வேண்டாமா?

ராத்திரி சூப்பர்மார்க்கெட் வேலை பற்றிக் கேட்டிருந்தீர்கள். படிப்பு நடக்கும் காலத்தில் கம்பஸுக்கு வெளியே வாரம் 24 மணி நேரம்தான் அனுமதி, அதைத் தாண்டினால் விசாவுக்கே பிரச்சினை. கைக்காசு தருகிறேன், கணக்கில் வராது என்று நம் ஆட்களே கூப்பிடுவார்கள், வேண்டாம். உங்கள் ஸ்கொலர்ஷிப் கடிதத்திலும் வேலை பற்றி நிபந்தனை இருக்கலாம், வாசித்துப் பாருங்கள். அதைவிட லேசான காசு ஒன்று இருக்கிறது: கனடா வரித்துறையின் ஆர்சி151 (RC151) என்ற படிவத்தை நிரப்பி அனுப்பினால், குறைந்த வருமானக்காரருக்கு விற்பனை வரியில் ஒரு பங்கைத் திருப்பித் தருவார்கள், மாணவர்களுக்கும் கிடைக்கும், புதிதாக வந்தவர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை. ஏப்ரல் 30க்குள் வரிக்கணக்கும் போட்டுவிடுங்கள், வருமானம் இல்லாவிட்டாலும் போட்டால்தான் அந்தக் காசு தொடர்ந்து வரும்.

டிக்கெட்டுக்காக அடகு வைத்த அம்மாவின் நகையை உடனே மீட்க அவசரப்படாதீர்கள். வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பிக்கச் சொல்லுங்கள், வாடகையும் சாப்பாடும் ஒரு நிலைக்கு வந்த பிறகு பார்க்கலாம். தேறாமல் திரும்பிப் போனால் நகையும் வராது.

இங்கே தமிழ்க் கடையில் 'யாழ்ப்பாணத்தில எவடம்?' என்று கேட்பார்கள். தலவாக்கலை, மலையகம் என்று சொன்னதும் சிலர் முகம் ஒரு மாதிரி போகும். சிலர் அதற்குப் பிறகுதான் சொந்தத் தம்பி மாதிரி நடத்துவார்கள், எனக்கு முதல் குளிருக்கு ஜாக்கெட் கொடுத்தது யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரி அன்ரி ஒருவர்தான்.

சரி, தங்கச்சி. கொழும்பில் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாமா என்று யோசிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள்: இலங்கையில் பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் முழு நாட்டுத் திறமைக்கு, 55 வீதம் மாவட்ட அடிப்படையில், மிச்சம் 5 வீதம் நுவரெலியா, பதுளை மாதிரியான பின்தங்கிய மாவட்டங்களுக்கு. பரீட்சைக்கு முந்தைய மூன்று வருஷத்தில் எந்த மாவட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தாள் என்பதை வைத்துத்தான் மாவட்டத்தைப் பார்ப்பார்கள், கொழும்புக்கு அனுப்பினால் மாவட்ட இடத்துக்கு அவள் கொழும்புப் பிள்ளைகளோடு போட்டி போட வேண்டும். நம் பக்கத்தில் உயர்தர விஞ்ஞானம் ஒழுங்காக நடக்கும் பள்ளிக்கூடங்கள் குறைவு என்பது உண்மை, அதனால் ஹட்டனிலோ நுவரெலியாவிலோ நல்ல ஆசிரியர் இருக்கும் இடமாகப் பாருங்கள், தங்குவதற்குச் சொந்தக்காரர் வீடு இருந்தால் இன்னும் நல்லது. தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கென்று இந்தியத் தூதரகம் நடத்தும் கல்வி நிதியம் ஒன்று இருக்கிறது, உயர்தரத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் கொடுப்பார்கள், கண்டியில் இருக்கும் இந்திய உதவித் தூதரகத்தில் விசாரிக்கலாம். மஹாபொலவும் 2025 வரவு செலவுத் திட்டத்தில் 5,000 ரூபாயிலிருந்து 7,500க்கு ஏறியிருக்கிறது, அது அவள் கம்பஸ் போகும்போது.

எந்தப் படிவமாக இருந்தாலும் அனுப்பும் முன்னால் வட்ஸ்அப்பில் எனக்கு ஒரு போட்டோ போடச் சொல்லுங்கள், சனி ஞாயிறில் பார்த்துச் சொல்கிறேன். பேராசிரியருக்கு எழுதும் அந்த நாலு வரியையும் அனுப்புங்கள், ஆனால் எனக்காகக் காத்திருக்க வேண்டாம், அதை முதலில் அவருக்கு அனுப்பிவிடுங்கள்.