ஊசி சலித்துப்போனால் உறுதி குலைந்ததாகுமா?

அன்புள்ள அம்மா,

எனக்கு வயது 31. திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். நான் திருநம்பி; பிறந்தபோது பெண் என்று குறிக்கப்பட்டு, ஆணாக வாழ்பவன். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்ளத் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகின்றன. மார்பு அறுவை சிகிச்சையும் முடிந்துவிட்டது. குரல் உடைந்து மீசை அரும்பிய நாட்களில் நான் பட்ட மகிழ்ச்சி கொஞ்சநஞ்சமல்ல. இன்றும் அதில் எனக்குத் துளி வருத்தமில்லை.

ஆனால் சலித்துவிட்டது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, கதவைத் தாழிட்டுக்கொண்டு கட்டிலில் உட்காருகிறேன். மருந்து எண்ணெயில் கரைத்தது. லேசில் சிரிஞ்சில் ஏறாது. குப்பியை உள்ளங்கையில் உருட்டிச் சூடாக்கி, அதன் கழுத்தை உடைத்து, மெல்ல மெல்ல உறிஞ்சி எடுக்க வேண்டும். போனமுறை குத்திய இடம் தொடையில் இன்னும் கட்டியாக இருக்கும். அதைத் தடவிப் பார்த்துத் தள்ளி வேறு இடம் தேடுவேன். கடையில் மருந்து இல்லையென்றால் கோவைக்கு பஸ் ஏற வேண்டும். இருந்தாலோ, கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு “யாருக்கு?” என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்பார். ஊசி போடும் நாள் நெருங்க நெருங்க எரிச்சலும் அழுகையுமாக இருக்கும். அண்ணனுக்கு உடம்பு தானாகச் சுரந்து கொடுப்பதை நான் மட்டும் சாகும்வரை காசு கொடுத்து வாங்க வேண்டுமா என்று ஆத்திரம் வருகிறது.

கருப்பையையும் சினைப்பைகளையும் எடுக்க மருத்துவர் தேதி கொடுத்திருக்கிறார். எடுத்த பிறகு ஹார்மோனை நிறுத்தவே கூடாது என்றும் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. முன்பு ஓர் ஆலோசகரிடம் இந்தச் சலிப்பைச் சொன்னேன். “அப்படியானால் உங்களுக்கே உறுதியில்லை” என்றார். அதன்பிறகு யாரிடமும் வாய் திறக்கவில்லை. அம்மாவிடம் சொன்னால் “நான் அப்போதே சொன்னேனே” என்பார். இதையெல்லாம் மாற்றிக் காட்டும் டாக்டர் ஒருவர் இருக்கிறார் என்று மாமா வேறு அவருக்கு ஓதிக்கொண்டிருக்கிறார். நான் ஆண் என்பது அந்தக் குப்பிக்குள்தான் இருக்கிறதா? அது தீர்ந்தால் நான் யார்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர்

அன்புள்ள தம்பி,

அந்த ஆலோசகர் சொன்னதை முதலில் ஒதுக்கி வையுங்கள். சர்க்கரை நோயாளிகள் ஆயுள் முழுவதும் இன்சுலின் போட்டுக்கொள்ளவில்லையா என்று உங்களுக்குப் பலர் ஆறுதல் சொல்லியிருப்பார்கள். எனக்கு அது பாதி ஆறுதலாகத்தான் படுகிறது. ஊசி அலுத்துப்போயிற்று என்று ஒரு சர்க்கரை நோயாளி சொன்னால், “உனக்கு உண்மையிலேயே சர்க்கரைதானா?” என்று யாரும் கேட்பதில்லை. உங்களிடம் கேட்கிறார்கள். அதனால் நியாயமான ஓர் அலுப்பைக்கூட நீங்கள் ஒளித்துவைக்க வேண்டியதாகிவிட்டது. மருந்தின் மீது வரும் சலிப்பை நீங்கள் யார் என்பதன் மீதான சந்தேகமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மீசை அரும்பியதைப் பற்றி நீங்கள் எழுதியிருக்கும் வரியில் சந்தேகத்தின் சாயலே இல்லை.

அண்ணனைப் பார்த்து வரும் ஆத்திரத்தையும் அடக்க வேண்டாம். அதில் பொறாமையைவிடத் துக்கம்தான் அதிகம். துக்கப்பட உங்களுக்கு உரிமை உண்டு.

ஊசிக்கு முந்தைய நாட்களின் எரிச்சலுக்கு உடல் சார்ந்த காரணம் இருக்கக்கூடும். நீங்கள் போட்டுக்கொள்ளும் வகை ஊசியில், முதல் சில நாட்களில் ரத்தத்தில் ஹார்மோன் அளவு உச்சத்துக்குப் போய், பிறகு படிப்படியாக இறங்கி, அடுத்த ஊசிக்குச் சற்று முன்பு மிகக் குறைவாக இருக்கும். அந்த இறக்கத்தில் சிலருக்கு மனமும் சேர்ந்து சரியும். அடுத்த ஊசிக்கு முன்பாக ரத்தம் கொடுத்து அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். மருந்தின் அளவைக் குறைத்து இடைவெளியையும் குறைப்பது, தோலில் தடவும் ஜெல், 10 முதல் 14 வாரங்களுக்கு ஒருமுறை போடும் நீண்டகால ஊசி என்று மாற்று வழிகள் உள்ளன. ஹார்மோன் மருத்துவரைக் கேட்காமல் நீங்களாக எதையும் மாற்றவோ நிறுத்தவோ வேண்டாம். ரத்தம் தடித்துப்போகிறதா என்று பார்க்கும் ஹீமட்டோகிரிட் பரிசோதனையையும் விட்டுவிடாதீர்கள்.

குப்பி தீர்ந்தால் நான் யார் என்று கேட்டிருக்கிறீர்கள். நாளையே மருந்து கிடைக்காமல் போனாலும் உடைந்த குரல் பழையபடி மாறாது. முளைத்த தாடி மீசையும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். சினைப்பைகள் இருக்கும்வரை, சில மாதங்களில் மாதவிடாய் திரும்பலாம்; உடலில் கொழுப்பு சேரும் இடங்களும் மாறலாம். அது உங்களுக்கு வேதனையாக இருக்கும் என்பதைச் சிறிதாக்கிப் பேச மாட்டேன். ஆனால் முதல் ஊசி போடுவதற்கு முன்பே நீங்கள் ஆண்தான். அதனால்தான் ஊசியைத் தேடிப் போனீர்கள்.

அறுவை சிகிச்சைக்கு வருகிறேன். மருத்துவர் சொன்னது சரி. இரண்டு சினைப்பைகளையும் எடுத்த பிறகு ஹார்மோனே இல்லாமல் இருந்தால் எலும்பு வலுவிழக்கும். ஆனால் கருப்பையையும் சினைப்பைகளையும் சேர்த்தே எடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. கருப்பையை மட்டும் எடுத்து, ஒரு சினைப்பையையோ இரண்டையுமோ விட்டுவைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்போது மாதவிடாய்க்கு வழியில்லை. இடையில் மருந்து தடைபட்டாலும் எலும்புக்கு ஓரளவு பாதுகாப்பு இருக்கும். உங்கள் உடல்நிலைக்கு அது பொருந்துமா என்று கேளுங்கள். என்றாவது உங்கள் கருமுட்டையில் பிள்ளை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால், கருமுட்டையைச் சேமிப்பது பற்றியும் இப்போதே பேசிவிட வேண்டும். இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைக்கும்வரை தேதியைத் தள்ளிவைப்பதில் தவறே இல்லை. அதைப் பின்வாங்கல் என்று யாரும், நீங்களும்கூட, சொல்ல வேண்டியதில்லை.

திருப்பூரில் மனம்விட்டுப் பேச ஆள் கிடைக்காவிட்டால், சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் திருநர்களுக்கென்றே தனி மருத்துவப் பிரிவு இருக்கிறது. இரண்டாவது கருத்து கேட்கவும் அங்கே போகலாம்.

மாமா சொல்லும் டாக்டரிடம் போகவே வேண்டாம். ஒருவரின் பாலின அடையாளத்தை மாற்ற முயலும் ‘சிகிச்சை’க்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் தடை விதித்தது. அப்படிச் செய்வது தொழில்முறை ஒழுக்கக்கேடு என்று தேசிய மருத்துவ ஆணையமும் 2022-இல் அறிவித்தது. உலக சுகாதார நிறுவனம் தன் புதிய நோய்ப் பட்டியலில் மனநோய்ப் பிரிவிலிருந்தே திருநர் அடையாளத்தை எடுத்துவிட்டது. அம்மாவிடம் வாதாட வேண்டாம். இந்தத் தகவலை மட்டும் சொல்லுங்கள். அவர் பயத்துக்கு அது தேவைப்படும்.

கடைசியாக ஒன்று. அடுத்த ஊசியை நள்ளிரவில் தாழிட்ட அறைக்குள் நீங்களே போட்டுக்கொள்ள வேண்டாம். பகலில் ஒரு கிளினிக்குக்குப் போய் நர்ஸிடம் போட்டுக்கொள்ளுங்கள். உங்களைப் போலவே ஊசி போட்டுக்கொள்ளும் நண்பர் ஒருவரையும் கூட அழைத்துப் போங்கள். “எனக்கு அலுத்துவிட்டது” என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள். அவரும் அதையே சொல்லக்கூடும். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் மருத்துவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.