இசைத் தொழில்நுட்பம் படிக்க ஆசைப்படும் பார்வையற்ற மகளுக்கு: காலேஜோடு சேர்த்து ஆட்களையும் தேடுங்கள்

வணக்கம் அம்மா. மகள் பிளஸ் டூ, பிறவியிலேயே பார்வை இல்லை, சின்ன வயதிலிருந்தே கீபோர்டு வாசிக்கிறாள், இப்போது ரெக்கார்டிங், மிக்சிங் (பதிவான ஒலிகளை ஒன்றாகச் சேர்த்துச் சமன்செய்வது) என்று அந்தப் பக்கமே போக வேண்டும் என்கிறாள். வீட்டில் பெரியவர்கள் ஒரு பி.ஏ. முடித்து பேங்க் பரீட்சை எழுதட்டும் என்கிறார்கள். நடுவில் நீங்கள். எந்தக் காலேஜ் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள், அதற்குக் கீழே பதில் சொல்கிறேன். ஆனால் இந்தத் துறையில் காலேஜைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது, அதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பேங்க் வேலைக்கும் அரசு வேலைக்கும் ஒரு வாசல் இருக்கிறது. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு வேலையில் 4 சதவீதம் ஒதுக்கீடு, அதில் 1 சதவீதம் பார்வையற்றவர்களுக்கும் குறைபார்வை உள்ளவர்களுக்கும். அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடம். அறிவிப்பு வரும், தேர்வு வரும், பட்டியல் வரும். ரெக்கார்டிங் ஸ்டூடியோவில் இது எதுவும் கிடையாது. அங்கே வேலை வாய்வழியாகத்தான் வரும். "அந்தப் பொண்ணு டயலாக் எடிட்டிங் சுத்தமா பண்ணும், கூப்பிட்டுப் பாரு" என்று ஒருத்தர் இன்னொருத்தருக்குச் சொல்ல வேண்டும். பார்வை உள்ள பிள்ளைகளுக்கும் இதே கதைதான். உங்கள் மகளைத் தெரியாத ஒருவர் அவளைப் பார்த்ததும் முதலில் கேட்பது "இவங்க எப்படி கம்ப்யூட்டர் பார்ப்பாங்க?" என்பதாகத்தான் இருக்கும், அவளைத் தெரிந்த ஒருவர் அதைக் கேட்க மாட்டார். அதனால் அவளைத் தெரிந்தவர்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதே அவளுடைய படிப்பில் பாதி என்று நினைக்கிறேன்.

முதலில் உங்கள் பயத்துக்கு வருகிறேன். முடியுமா? முடியும். எப்படி என்று கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் சொந்தக்காரர்கள் கேட்டால் நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ரீப்பர் என்று ஒரு ரெக்கார்டிங் மென்பொருள் இருக்கிறது. 60 நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம், அப்புறம் தனிநபர் உரிமம் 60 டாலர். அதோடு என்விடிஏ என்ற திரைவாசிப்பான், அதாவது திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக் காட்டும் மென்பொருள், இது முழுக்க இலவசம், தமிழிலும் பேசும். இரண்டுக்கும் நடுவில் ஓசாரா என்ற சின்ன இணைப்பு மென்பொருள், அதுவும் இலவசம். மூன்றும் சேர்ந்தால் என்ன நடக்கிறது என்றால், மேல் அம்பு கீழ் அம்பு விசையை அழுத்தும்போது எந்த டிராக்கில் நிற்கிறாள் என்று பெயர் சொல்லும், ஒலியளவை மாற்றினால் எத்தனை டெசிபல் என்று சொல்லும், எந்த விசை என்ன செய்யும் என்று மறந்துவிட்டால் எஃப்12 அழுத்திவிட்டு விசைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கலாம், அதுவே விளக்கும். ஒலி அளவு மீறிப் போனால் எச்சரிக்கவும் வைக்கலாம். மௌஸைத் தொடவே வேண்டாம். இந்த வேலையைத் தினமும் செய்யும் பார்வையற்ற இன்ஜினியர்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள்: திரைவாசிப்பான் பேசுவதை லேப்டாப்பின் சொந்த ஹெட்போன் துளைக்கு அனுப்பிவிட்டு, இசையை ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக், ஸ்பீக்கரை லேப்டாப்போடு இணைக்கும் சின்னப் பெட்டி) வழியாக ஸ்பீக்கருக்கு அனுப்புவார்கள். ஒரு காதில் கம்ப்யூட்டர் பேச்சு, அறை முழுக்கப் பாட்டு. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பாடகருக்கு அந்தப் பேச்சு கேட்காது. இந்த ஒரு விஷயத்தை எந்தப் பாடப்புத்தகத்திலும் தேட முடியாது, ஏற்கெனவே செய்கிறவர்தான் சொல்ல வேண்டும். ஆட்களைத் தேடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், எனக்கு மிகவும் பிடித்த விஷயம். என்விடிஏவை உருவாக்கிய மைக்கேல் கர்ரன், ஜேம்ஸ் டே இருவரும் ஆஸ்திரேலியர்கள், இருவருமே பார்வையற்றவர்கள். சின்ன வயதில் ஒரு இசை முகாமில்தான் சந்தித்துக்கொண்டார்கள். இசை கற்கப் போன இடத்தில், இருவருக்கும் கம்ப்யூட்டரிலும் ஆர்வம் என்று தெரிந்தது. 2006-ல் கர்ரன் என்விடிஏவை எழுதத் தொடங்கினார், டே சேர்ந்துகொண்டார். விலை கொடுத்து வாங்க முடியாத நிலையில் இருந்த பார்வையற்றவர்களுக்காக உலகம் முழுக்க இலவசமாகக் கொடுத்தார்கள். பிற்பாடு ஓசாராவைத் தொடங்கியதும் அதே ஜேம்ஸ் டேதான். உங்கள் மகள் நாளைக்குத் தொடப்போகும் இரண்டு கருவிகள் ஒரு முகாமில் இரண்டு பையன்கள் பேசிப் பழகியதில் முளைத்தவை. அந்த முகாமுக்கு அவர்களை அனுப்பிய பெற்றோருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

பார்வையற்ற அமெரிக்கப் பாடகர் ஸ்டீவி வொண்டர் விஷயமும் அப்படித்தான். ரே கர்ஸ்வைல் என்ற கண்டுபிடிப்பாளர் 1976-ல் புத்தகத்தை வாசித்துக் காட்டும் இயந்திரத்தை வெளியிட்டபோது முதலில் வாங்கியவர்களில் அவர் ஒருவர். அந்தப் பழக்கம் நட்பாகி, நிஜ வாத்தியங்களின் ஒலியை எலெக்ட்ரானிக் கீபோர்டில் கொண்டுவர முடியாதா என்று அவர் கேட்க, கர்ஸ்வைல் 1982-ல் அதற்கென்றே நிறுவனம் தொடங்கி, 1984-ல் கர்ஸ்வைல் 250 என்ற கீபோர்டு வந்தது. கேட்டவர் இசைக்கலைஞர், செய்தவர் இன்ஜினியர். பார்வையற்றவர் ஒருவர் கேட்ட கேள்வியில் பிறந்த கீபோர்டை அப்புறம் எல்லோரும்தான் வாசித்தார்கள்.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். எந்த ஆட்கள், எங்கே, எப்படி?

மகளைப் போலவே பார்வை இல்லாமல் இந்த வேலையைச் செய்கிறவர்கள் முதலில். ரீப்பர், ஓசாரா பயன்படுத்துபவர்களுக்கு இணையத்தில் குழுக்கள் உண்டு, ஆங்கிலத்தில்தான் நடக்கும், பெரும்பாலும் எழுத்தில். போனதும் "எனக்கு வேலை கிடைக்குமா" என்று கேட்க வேண்டாம். ஒரு மாதம் படிக்கட்டும். அப்புறம் குறிப்பான கேள்வியாகக் கேட்கட்டும்: எந்தப் பதிப்பு, என்ன செய்தாள், என்ன நடந்தது. பதில் கிடைத்ததும் அதைச் செய்து பார்த்து, சரியானதா என்று திரும்ப வந்து சொல்ல வேண்டும். பாதிப் பேர் இதைச் செய்வதில்லை, செய்கிறவர்களின் பெயர் நினைவில் நிற்கும். பிறகு, கற்றுக்கொண்டதைத் தமிழில் பேசி ஒலிக்குறிப்பாகப் போடட்டும். ஓசாராவைத் தமிழில் சொல்லிக்கொடுக்கும் குரல் அவளுடையதாக இருந்தால், தமிழ் பேசும் பார்வையற்ற இசைப் பிள்ளைகள் தேடிவரும் முதல் ஆள் அவளாக இருப்பாள். இதை விளையாட்டாகச் சொல்லவில்லை, இது ஒரு தொழில் அடையாளம்.

அடுத்து, இசை மென்பொருள் செய்யும் நிறுவனங்கள். இங்கே பலருக்குத் தெரியாத ஒரு வேலைவாய்ப்பு இருக்கிறது. ஸ்டூடியோவில் பயன்படுத்தும் பிளக்இன் (ரெக்கார்டிங் மென்பொருளுக்குள் சேர்த்துக்கொள்ளும் சின்ன மென்பொருள்) பலவற்றில் குமிழ்கள் எல்லாம் வெறும் படமாக வரையப்பட்டிருக்கும், திரைவாசிப்பானுக்கு அங்கே படிக்க எதுவுமே இருக்காது. ஆனால் நிலைமை மாறிக்கொண்டு வருகிறது. பிளக்இன் எழுதுபவர்கள் பரவலாகப் பயன்படுத்தும் ஜூஸ் என்ற கட்டமைப்பில் 2021-ல் திரைவாசிப்பானுக்கான வசதி சேர்க்கப்பட்டது. நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் கம்ப்ளீட் கன்ட்ரோல் கீபோர்டுகளில் குமிழைத் தொட்டாலே அது என்ன என்று பேசும் வசதி இருக்கிறது. 2001-ல் வந்த ஏபிள்டன் லைவ் என்ற இசை மென்பொருள், 2024 மார்ச்சில் வந்த 12-ம் பதிப்பில்தான் திரைவாசிப்பானோடு ஒத்துப்போக ஆரம்பித்தது. இருபது வருடத்துக்கு மேல்! பார்வையற்ற பயனர்கள் விடாமல் கேட்டார்கள், சோதித்துக் கொடுத்தார்கள், குறை எழுதி அனுப்பினார்கள், அதனால் நடந்த மாற்றங்கள் இவை. அப்படி எழுதி அனுப்பும் திறமைக்குச் சம்பளம் உண்டு, அதற்குப் பெயர் அணுகல்தன்மைச் சோதனை. "உங்க சாஃப்ட்வேர் வேலை செய்யல" என்று எழுதுவது யாருக்கும் உதவாது. எந்தத் திரை, எந்த விசை, என்விடிஏ என்ன சொன்னது, என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று நான்கு வரி மரியாதையாக எழுதத் தெரிந்தவளை அந்த நிறுவனத்துக்காரர்கள் அடுத்த முறை தாங்களே கூப்பிடுவார்கள். மிக்சிங் வருமானம் நிலைப்பதற்கு முன் இந்த வழியில் வருமானம் வர வாய்ப்பு இருக்கிறது. ஆங்கிலம் எழுதும் பயிற்சி இப்போதிருந்தே வேண்டும்.

மூன்றாவது உங்கள் ஊர். சர்ச் பாடகர் குழு, கோவில் கச்சேரி, கல்யாண இசைக்குழு, குறும்படம் எடுக்கும் பையன்கள், பாட்காஸ்ட் நடத்துபவர்கள். தமிழில் ஒலிநூலும் பாட்காஸ்டும் செய்கிறவர்களுக்குச் சுத்தமான எடிட்டிங் தேவைப்படுகிறது, முழுக்கக் காதால் செய்யும் வேலை, வீட்டிலிருந்தே கோப்பு வாங்கிக் கோப்பு கொடுக்கலாம். முதல் இரண்டு வேலையைக் குறைந்த காசுக்குச் செய்யட்டும், ஆனால் இலவசமாக வேண்டாம், ஐநூறு ரூபாயாவது வாங்கட்டும். பாவம் பார்த்துக் கொடுத்தார்கள் என்ற எண்ணம் இரண்டு பக்கமும் வரக்கூடாது. சொன்ன தேதிக்கு முந்தின நாள் கொடுக்கச் சொல்லுங்கள். இந்தத் தொழிலில் நல்ல காது உள்ளவர்கள் நிறைய, நாள் தவறாதவர்கள் குறைவு.

பெண் பிள்ளை, ராத்திரி செஷன், என்று நீங்கள் தனியாக ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அந்தக் கவலை நியாயமானது, அதைத் தள்ளிவிட மாட்டேன். ஒலித்துறையில் பெண்கள் எல்லா நாட்டிலும் குறைவு. அதற்காகவே அமெரிக்காவில் நேரடி நிகழ்ச்சி ஒலிப் பொறியாளர்களான கேரி கீஸ், மிஷெல் சபோல்சிக் பெட்டினாட்டோ இருவரும் 2013-ல் சவுண்ட்கேர்ல்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள், வழிகாட்டுதல், பயிற்சி, வேலைத் தகவல் எல்லாம் அதன் வழியாக நடக்கிறது. மகள் அங்கேயும் எட்டிப் பார்க்கட்டும். உள்ளூரில் என்றால், போகும் முன்பே நேரம், பணம், திரும்பி வரும் வண்டி மூன்றும் எழுத்தில் முடிவாக வேண்டும், முதல் தடவை நீங்களோ தம்பியோ கூடப் போங்கள். சென்னையில் சாலிகிராமம், வடபழனிப் பக்கம் பல ஸ்டூடியோக்கள் லிஃப்ட் இல்லாத மாடியில் இருக்கும். படி எங்கே, கழிப்பறை எங்கே, கதவு எந்தப் பக்கம் என்று முதல் நாளே ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டச் சொல்லிக் கேட்பது அவளுடைய உரிமை, அதில் கூச்சமே வேண்டாம். (சக்கர நாற்காலியில் வரும் ஒரு இசைக்கலைஞருக்கு அந்த மாடிப்படியே வேலைக்கு மூடிய கதவு. இதைப் பற்றி நம் ஊரில் யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.)

ஆனால் கூடப் போகும்போது ஒரு வேண்டுகோள் அம்மா. அவளிடம் கேட்கும் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லாதீர்கள். "பாப்பாவுக்கு எல்லாம் தெரியும் சார்" என்று நீங்கள் சொன்னால் அங்கே உட்கார்ந்திருப்பவர் அதற்கப்புறம் உங்களிடம்தான் பேசுவார், அவளிடம் பேச மாட்டார். மௌனம் வந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள், அவள் பேசுவாள். போன் நம்பரும் அவளுடையதைக் கொடுங்கள்.

இப்போது காலேஜ். டிகிரி கட்டாயம் வேண்டும், அதில் பெரியவர்கள் சொல்வது சரி. டிகிரி இருந்தால் வங்கித் தேர்வும் டிஎன்பிஎஸ்சியும் பின்னாலும் திறந்தே இருக்கும், இசையை எடுத்தால் அந்தக் கதவு மூடிவிடும் என்ற பயம் தேவையில்லை. சென்னை, மதுரை, கோவை, திருவையாறு ஆகிய நான்கு ஊர்களிலும் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது, கர்நாடக இசை ஆர்வம் இருந்தால் செலவு குறைவு. சென்னையில் ஏ.ஆர்.ரஹ்மான் 2008-ல் தொடங்கிய கே.எம். மியூசிக் கன்சர்வேட்டரி இருக்கிறது, கட்டணத்தை விசாரித்துவிட்டு யோசியுங்கள். தரமணி எம்.ஜி.ஆர். திரைப்படக் கல்லூரியில் ஒலிப்பதிவு படிக்கலாம். தகுதி விதிகளை அந்தந்த ஆண்டு விளக்கக் கையேட்டில் பாருங்கள், போன வருடம் சேர்ந்தவர் சொன்னதை நம்பி இருக்க வேண்டாம். எந்தக் காலேஜாக இருந்தாலும் விண்ணப்பத்துக்கு முன் நேரில் போய் இதைக் கேளுங்கள்: லேப் கம்ப்யூட்டரில் என்விடிஏ நிறுவ அனுமதி உண்டா, அல்லது அவளுடைய லேப்டாப்பில் பாடம் செய்யலாமா? எந்த மென்பொருளில் சொல்லிக்கொடுக்கிறார்கள்? செய்முறைத் தேர்வை எப்படி நடத்துவார்கள்? "முதலில் சேருங்க, பார்த்துக்கலாம்" என்று மட்டும் சொன்னால் எழுத்தில் கேளுங்கள். "தெரியலை, ஆனா சொல்லுங்க, கத்துக்கிறோம்" என்று சொல்லும் ஆசிரியர் ஒருவர் இருந்தால் அந்தக் காலேஜுக்கு என் ஓட்டு, பெயர் பெரிதாக இல்லாவிட்டாலும்.

எந்த லேப்டாப் வாங்குவது என்றும் கேட்டிருந்தீர்கள். ஆப்பிளின் மேக்கில் வாய்ஸ்ஓவர் என்ற திரைவாசிப்பான் கூடவே வரும், லாஜிக் என்ற ரெக்கார்டிங் மென்பொருளோடு நன்றாக ஒத்துப்போகும், ஆனால் விலை அதிகம். கடன் வாங்கி மேக் வாங்க வேண்டாம். 16 ஜிபி ராம் உள்ள விண்டோஸ் லேப்டாப், இரண்டு இன்புட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ், வயர் உள்ள ஹெட்போன் போதும். புளூடூத் ஹெட்போன் வேண்டவே வேண்டாம், ஒலி தாமதமாக வரும், விசையைத் தட்டிய பிறகு திரைவாசிப்பான் பேசக் காத்திருந்து காத்திருந்து எரிச்சல்தான் மிஞ்சும்.

யுடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டை) கையில் இருக்கிறதா, அதில் பெயரின் எழுத்து பள்ளிச் சான்றிதழோடு பொருந்துகிறதா என்று இந்த வாரமே பாருங்கள், சேர்க்கை நேரத்தில் அலைய வேண்டாம். மகள் முடித்து வைத்திருக்கும் பாட்டு எதுவானாலும் ஒன்றை அனுப்பச் சொல்லுங்கள், அவளே எழுதி, அவளுடைய மெயிலிலிருந்து. கேட்டுவிட்டு, யாரிடம் முதலில் பேசலாம் என்று அவளுக்கே பதில் எழுதுகிறேன்.