கூண்டில் நின்றவனின் கோபம்

வணக்கம். போன வாரம் ‘பராசக்தி’யின் நீதிமன்றக் காட்சியை மகளுக்கு ஃபோனில் போட்டுக் காட்டினேன். “ஏம்ப்பா இவ்வளவு சத்தமா பேசுறாரு?” என்று சிரித்தவள், பாதிக்கு மேல் சிரிக்கவில்லை. முடிந்ததும் “திரும்பப் போடுங்க” என்றாள். 1952இல் வந்த படம். அடுக்குமொழி பழசாகி எவ்வளவோ காலமாகிறது. அப்புறம் எது அவளைப் பிடித்து உட்கார வைத்தது?
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

எந்த இடத்தில் சிரிப்பை நிறுத்தினாள் என்றும் எழுதியிருக்கலாம். ‘ஓடினாள், ஓடினாள்’ என்று வரும் இடமாக இருக்கும் என்பது என் ஊகம்.

கருணாநிதியின் எதுகை மோனை, சிவாஜியின் குரல் என்பார்கள். சரிதான், முதல் படம் என்றால் நம்ப முடியாத குரல். ஆனால் எதுகை மோனை அன்றைய மேடைகளில் கொட்டிக் கிடந்தது. எல்லாமா நின்றது?

கூண்டில் நிற்கும் நாயகன் குணசேகரன் குற்றத்தை மறுப்பதில்லை. கோயிலில் குழப்பம் விளைவித்தேன், பூசாரியைத் தாக்கினேன் என்று அவனே சொல்லிவிடுகிறான். மறுத்திருந்தால் நாம் சாட்சியைத் தேடியிருப்போம். ஒப்புக்கொண்டவனிடம் ‘ஏன்’ என்றுதான் கேட்க முடியும். கேட்டால் தங்கை கல்யாணியின் கதையைச் சொல்கிறான். அழகு, பணம், பக்தி என்று ஒவ்வொன்றாக அவளை விரட்ட, ஒவ்வொரு முறையும் ஓடுகிறாள். பக்திக்கு என்ன முகம் என்று நமக்குத் தெரியும், அவளிடம் தவறாக நடக்க முயன்ற பூசாரியைப் பார்த்துவிட்டோமே. வாழ்க்கையின் ஓரத்துக்கே ஓடினாள் என்று அவன் சொல்லும்போது, கைக்குழந்தையை ஆற்றில் வீசிய கல்யாணி நம் கண்முன் நிற்கிறாள். இத்தனைக்கும் ‘ஓடினாள்’ என்பது ஒரு அலங்காரமும் இல்லாத சொல்.

பிறகு வந்த எத்தனையோ நாயகர்கள் கேமராவைப் பார்த்து நாட்டையே திட்டினார்கள். கைதட்டிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வீடு திரும்பினோம். அவர்களை யாரும் கூண்டில் ஏற்றவில்லை.

பள்ளி ஆண்டுவிழாவில் நானும் இதைப் பேசியிருக்கிறேன். எத்தனை ‘ஓடினாள்’ என்பது மறந்துபோய், பாவம், அவளை ஏழெட்டு முறை ஓடவிட்டேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. தமிழய்யா மட்டும், “எடுத்த எடுப்பிலேயே கத்துனியே, அவன் எப்படி ஆரம்பிக்கிறான்னு பார்த்தியா?” என்று கேட்டார். நான் பார்த்ததே இல்லை. வசனப் புத்தகத்தில் மனப்பாடம் செய்தவன்.

நிதானமாகத்தான் ஆரம்பிக்கிறான். மறுபடி போடும்போது முதல் அரை நிமிடத்துக்கு மட்டும் ஃபோனில் சத்தத்தைக் கூட்டி வையுங்கள்.