பிடித்தது யார் கை? – கேள்வி பதில்

பாவத்திலிருந்து மீட்கப்படும் இரட்சிப்புக்கு நம்மை நம்புவதா, தேவனுடைய அன்பை நம்புவதா என்று பேசியதிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: ஐயா, எல்லாம் கிருபைதான், தகுதி பார்க்காமல் தேவன் தரும் தயவுதான் என்றால் நாம் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கலாமா?

இருக்க முடியாது. பிலிப்பியர் 2:12-ல் பவுல் "உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள்" என்கிறார். அங்கேயே நிறுத்திவிட்டால் பாரம் முழுக்க நம் தலையில்தான். அடுத்த வசனம் "ஏனெனில்" என்று தொடங்குகிறது: விருப்பத்தையும் செய்கையையும் நமக்குள் உண்டாக்குகிறவர் தேவன். அவர் உள்ளே வேலை செய்வதால்தான் நாம் பிரயாசப்படுகிறோம், அவரை வேலை செய்ய வைப்பதற்காக அல்ல. எபேசியர் 2-லும் இதே வரிசைதான். 8, 9 வசனங்களில் "கிரியைகளினால் அல்ல", அதாவது நம் செயல்களால் அல்ல. 10-ல் "நற்கிரியைகளைச் செய்கிறதற்கு". பலர் 9-லேயே புத்தகத்தை மூடிவிடுகிறார்கள்.

கேள்வி: என் விசுவாசம் ஒரு நாள் ஏறுகிறது, ஒரு நாள் இறங்குகிறது. இவ்வளவு குறைந்த விசுவாசத்தோடு நான் இரட்சிக்கப்பட்டிருப்பேனா?

சகோதரி, எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். நானும் பல வருடம் இதில் சிக்கியிருந்தேன்.

முதலில் நற்செயல்களை எண்ணிப் பார்த்தோம். அதை நம்பக் கூடாது என்று கற்றுக்கொண்டதும், இப்போது விசுவாசத்தை எண்ணிப் பார்க்கிறோம். எவ்வளவு உருக்கமாக ஜெபித்தேன், கண்ணீர் வந்ததா, மனதில் சந்தேகம் எட்டிப் பார்த்ததா? கடைசியில் விசுவாசமும் ஒரு கிரியையாகிவிடுகிறது. கணக்குப் புத்தகம் மாறியதே தவிர, கணக்கு எழுதுவதை நாம் நிறுத்தவில்லை.

மத்தேயு 14-ஆம் அதிகாரத்தை மறுபடி வாசியுங்கள். பேதுரு தண்ணீரின்மேல் நடக்கிறான், காற்றைக் கண்டு பயப்படுகிறான், அமிழ்ந்துபோகையில் "ஆண்டவரே, என்னை இரட்சியும்" என்று கத்துகிறான். இயேசு உடனே கையை நீட்டிப் பிடிக்கிறார். "அற்பவிசுவாசியே, ஏன் சந்தேகப்பட்டாய்" என்ற கேள்வி அதற்கு அப்புறம்தான் வருகிறது. முதலில் பிடி, பிறகு கண்டிப்பு. அற்ப விசுவாசம் என்று அவரே சொல்கிறார், ஆனாலும் அந்த அற்ப விசுவாசிதான் மூழ்காமல் நிற்கிறான். பேதுருவின் கை இறுக்கமாகப் பிடித்ததா, நழுவியதா என்று மத்தேயு ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

மாற்கு 9:24-ல் வரும் தகப்பனும் அப்படித்தான். "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." பாதி அறிக்கை, பாதி புலம்பல். அவன் மகன் குணமானான்.

கேள்வி: பவுல் "விசுவாசத்தினால்" என்கிறார், யாக்கோபு "கிரியைகளினாலேயும்" என்கிறார். யாராவது ஒருவர் சொல்வதுதானே சரியாக இருக்க முடியும்?

இருவரும் ஆபிரகாமைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள், ஆதியாகமம் 15:6-ஐத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். ரோமர் 4-ல் பவுல் ஆபிரகாமின் கதையின் தொடக்கத்தில் நிற்கிறார்: அவன் இன்னும் உடன்படிக்கையின் அடையாளமான விருத்தசேதனம்கூடப் பெறவில்லை, நீதிமானாக எண்ணப்பட்டுவிட்டான். யாக்கோபு பல வருடம் தள்ளி, ஆதியாகமம் 22-ஆம் அதிகாரத்தில், ஈசாக்கைப் பலிபீடத்தில் கிடத்திய இடத்தில் நிற்கிறார். செய்த நன்மைக்குச் சம்பளம் கேட்டுத் தேவனுடைய கதவைத் தட்டுகிறவனைப் பவுல் திருத்துகிறார். வாயால் மட்டும் விசுவாசிக்கிறவனை, பசித்தவனிடம் "குளிர்காய்ந்து பசியாறு" என்று சொல்லி அனுப்புகிறவனை, யாக்கோபு திருத்துகிறார். நோய் வேறு, மருந்து வேறு.

ஒரு உபரித் தகவல்: சீர்திருத்தவாதி லூத்தர் 1522-இல் ரோமர் 3:28-ஐ ஜெர்மனில் பெயர்த்தபோது "விசுவாசத்தினால்" என்பதோடு "மட்டும்" என்ற சொல்லைச் சேர்த்தார். கிரேக்கத்தில் அந்த இடத்தில் அது இல்லை. கருத்து அதுதான், ஜெர்மன் நடை அதைக் கேட்கிறது என்று வாதாடினார். சண்டை பெரிதானது.

கேள்வி: "தனக்குத் தானே உதவுகிறவனுக்குக் கடவுள் உதவுவார்" எந்த அதிகாரத்தில் இருக்கிறது?

எந்த அதிகாரத்திலும் இல்லை. ஈசாப் கதைகளிலேயே இந்தக் கருத்து உண்டு. பெஞ்சமின் பிராங்க்ளின் 1736-இல் தம் பஞ்சாங்கத்தில் அச்சிட்டுப் பரப்பினார். "நாம் பெலனற்றவர்களாயிருக்கும்போதே" கிறிஸ்து மரித்தார் என்கிறது ரோமர் 5:6. கிட்டத்தட்ட நேர் எதிர்.

கேள்வி: கத்தோலிக்கர்கள் கிரியைகளால் இரட்சிப்பு என்று நம்புகிறவர்கள்தானே?

இப்படிச் சொல்வதை நாம் விட்டுவிட வேண்டும் தம்பி. கிருபை இல்லாமல், தன் சொந்தச் செயல்களால் மனிதன் நீதிமானாகலாம் என்பதை 1547-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கமே கண்டித்திருக்கிறது. அதற்கு வெகு முன்பே, 418-இல், மனிதன் தன் சொந்த முயற்சியாலேயே நீதியாக வாழ முடியும் என்ற பெலாகியுவின் போதனையைக் கார்த்தேஜ் சங்கம் தள்ளியது. உண்மையான வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது: நீதிமானாக்கப்படுவது ஒரு தீர்ப்பா, உள்ளே நடக்கும் மாற்றமா, பிறகு நாம் செய்யும் நன்மைக்கு என்ன இடம் என்பதில். 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் இதில் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. 2006-இல் மெதடிஸ்டுகளும் சேர்ந்தார்கள். எல்லாம் தீர்ந்துவிடவில்லை. ஆனால் நாம் "கிருபை" என்பதை அவர்கள் "அருள்" என்கிறார்கள், மூலத்தில் இரண்டும் "காரிஸ்" என்ற ஒரே கிரேக்கச் சொல்தான்.

கேள்வி: தேவனை மட்டும் நம்புகிறவர் டாக்டரிடம் போகலாமா?

போங்கள். பவுலின் உடன் ஊழியர் லூக்கா வைத்தியர். தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குப் பவுல் வெறும் ஜெபத்தை மட்டும் எழுதி அனுப்பவில்லை. மாத்திரையை நிறுத்துவதை விசுவாசத்தின் சோதனையாக்குகிறவர்களைக் கேட்காதீர்கள்.

கேள்வி: ஒரே பாவத்தில் திரும்பத் திரும்ப விழுகிறேன். மன்னிப்புக் கேட்கவே கூச்சமாக இருக்கிறது. கொஞ்ச நாள் சரியாக நடந்து காட்டிவிட்டு ஜெபிக்கலாமா?

அந்தக் "கொஞ்ச நாள்" எவ்வளவு? ஒரு வாரமா, 40 நாளா? கிருபை பெருக வேண்டுமென்று பாவத்தில் நிலைத்திருக்கலாமா என்று பவுலே கேட்டு, கூடாது என்று அவரே பதில் சொல்லிவிட்டார். அதில் சந்தேகமில்லை. ஆனால் நீங்கள் கேட்பது வேறு. முன்பணம் கட்டிவிட்டு உள்ளே வரப் பார்க்கிறீர்கள்.

லூக்கா 18-ல் இயேசு சொன்ன கதையில், வரி வசூலிக்கும் ஆயக்காரன் தூரத்தில் நின்றான், கண்களை ஏறெடுக்கவும் துணியவில்லை. உங்களுக்கு இருக்கும் அதே கூச்சம்தான். அங்கே, வேதச்சட்டத்தைக் கறாராகக் கடைப்பிடிக்கும் பரிசேயன் வாரத்தில் இரண்டு நாள் உபவாசத்தையும் தசமபாகத்தையும் சொல்லிக்கொண்டிருந்தான், அதுவும் தேவனுக்கு நன்றி சொல்லித் தொடங்கி. ஆயக்காரன் இனி திருந்துகிறேன் என்று வாக்குக்கூடக் கொடுக்கவில்லை, கவனித்தீர்களா? "தேவனே, பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்." நான்கே சொற்கள். இன்றைக்கு இரவு அதைச் சொல்லிவிட்டுத் தூங்குங்கள்.