ரத்தத்தில் கால்சியம் நார்மல், எலும்பு ஏன் உடைந்தது?

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது. போன மாதம் ஈரத் தரையில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு உடைந்துவிட்டது. எலும்புத் தேய்மானம் என்றார்கள். ஆனால் ரத்தப் பரிசோதனையில் கால்சியம் 9.2, நார்மல். ரத்தத்தில் குறையாதது எலும்பில் எப்படிக் குறையும்? அம்மா அந்த ரிப்போர்ட்டைக் காட்டி மாத்திரையே வேண்டாம் என்கிறார்.
(வாசகி, கொழிஞ்சாம்பாறை)

பதில்: இப்படி ரிப்போர்ட்டை நம்பி மாத்திரையை நிறுத்தியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். நம் உடம்பில் ஏறக்குறைய ஒரு கிலோ கால்சியம் இருக்கிறது. அதில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும். ரத்தத்தின் நீர்ப்பகுதியில் ஓடுவது எல்லாம் சேர்த்து 300 மில்லிகிராம் அளவுதான். ஆனால் இதயம் சீராகத் துடிக்கவும், நரம்பு சேதி கடத்தவும், ரத்தம் உறையவும் இந்தத் துளியூண்டு கால்சியம் வேண்டும். அதனால் 100 மில்லிக்கு 8.5 முதல் 10.5 மில்லிகிராம் என்ற அளவை உடம்பு விடாப்பிடியாகக் காக்கிறது.

காவல் வேலை பார்ப்பது பாராதைராய்டு சுரப்பிகள். கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் துவரம்பருப்பு அளவில் பெரும்பாலும் நான்கு இருக்கும். ரத்தத்தில் கால்சியம் லேசாக இறங்கினாலும் உடனே ஹார்மோனைச் சுரந்துவிடும். அது எலும்பைக் கரைத்துக் கால்சியத்தை ரத்தத்துக்குக் கொண்டுவருகிறது, சிறுநீரில் வீணாகாமல் சிறுநீரகத்தில் தடுத்துவிடுகிறது, அப்புறம் அதே சிறுநீரகத்தில் வைட்டமின் டி-யை முழு வீரியத்துக்குக் கொண்டுவந்து குடலைக் கூடுதலாக உறிஞ்ச வைக்கிறது. சாப்பாட்டில் கால்சியம் குறைந்தால், வைட்டமின் டி குறைந்தால், பாரம் முழுக்க எலும்பின் தலையில்தான். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜென் வேறு குறைவதால் கரைவது இன்னும் வேகமாகிறது. எலும்பு கொடுத்துக்கொண்டே இருக்கும்வரை ரிப்போர்ட் 9.2 என்றுதான் காட்டும். அதை அம்மாவிடம் இப்படியே சொல்லுங்கள்.

எலும்பின் நிலை தெரிய டெக்ஸா ஸ்கேன் எடுக்க வேண்டும், ரத்தத்தில் வைட்டமின் டி-யும் பார்க்க வேண்டும். உங்கள் பக்கம் வெயிலுக்குக் குறைவில்லை, ஆனால் காலை 6 மணிக்கு நடப்பது இதற்கு உதவாது. வைட்டமின் டி உருவாகத் தேவையான கதிர் 10 மணிக்கு மேல் 3 மணிக்குள் அடிக்கும் வெயிலில்தான் நன்றாக இருக்கிறது. ராகி கட்டாயம் சேருங்கள், 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. மீன் சாப்பிடுவீர்கள் என்றால் முள்ளோடு மெல்லக்கூடிய நெத்திலி. மாத்திரை கால்சியம் கார்பனேட் என்றால் சாப்பிட்டபின் போடட்டும், இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து வேண்டாம்.

கேள்வி: அக்காவுக்குத் தைராய்டை முழுவதும் எடுத்து மூன்று நாள் ஆகிறது. வீட்டுக்கு வந்தபின் உதடு மரத்துப் போகிறது, விரல் நுனியில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது. வாயு என்கிறார் அத்தை.
(வாசகர், புளியரை)

பதில்: வாட்ஸ்அப்பில் வந்த கேள்வி இது. அன்றே கூப்பிட்டு, ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்கு உடனே போகச் சொல்லிவிட்டேன், மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். இது வாயு இல்லை. தைராய்டை எடுக்கும்போது அதை ஒட்டியிருக்கும் பாராதைராய்டுக்குப் போகும் ரத்த ஓட்டம் பாதிக்கப்படலாம், ஹார்மோன் குறையும், கால்சியம் சரசரவென்று இறங்கும். பயிற்சிக் காலத்தில், இப்படிக் கால்சியம் இறங்கியிருந்த ஒரு பெண்ணுக்கு பிபி பட்டையைக் கட்டிச் சில நிமிடம் இறுக்கி வைத்தபோது விரல்கள் கூம்பிப்போய் விரைத்ததைப் பார்த்தேன், இன்றும் கண்ணில் நிற்கிறது. கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரும், மூச்சுக்குழல் இறுகும், இதயத் துடிப்பு தடுமாறும். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் சுரப்பிகள் தேறிவிடும், சிலருக்கு வாழ்நாள் முழுக்க மாத்திரை தேவைப்படும். தைராய்டு ஹார்மோனுக்குப் பதிலாகப் போடும் தைராக்சின் மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நடுவில் 4 மணி நேரம் இடைவெளி இருக்கட்டும்.

கேள்வி: பிளேட்லெட் தானம் செய்தபோது உதடு சுருசுருவென்றது, நர்ஸ் கால்சியம் மாத்திரை கொடுத்தார். ரத்தம் கொடுத்தால் கால்சியம் போய்விடுமா?
(வாசகர், குமுளி)

பதில்: போகவில்லை, கட்டிப்போடப்பட்டது. ரத்தம் உறையக் கால்சியம் வேண்டும் என்று சொன்னேன் இல்லையா? மெஷினுக்குள் உறையக் கூடாது என்பதற்காகச் சிட்ரேட் கலக்கிறார்கள், அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். பிளேட்லெட்டைப் பிரித்தபின் மீதி ரத்தம் உங்களுக்கே திரும்பி வரும்போது கொஞ்சம் சிட்ரேட்டும் கூட வருகிறது. கல்லீரல் அதைச் சீக்கிரமே அழித்துவிடும், பயப்படாமல் தொடர்ந்து கொடுங்கள். கால்சியம் குறைந்தவருக்குக் காயத்தில் ரத்தம் நிற்காது என்றும் நினைக்க வேண்டாம், உறைதல் கெடும் அளவுக்கு இறங்குமுன்பே நரம்பும் இதயமும் தாங்காது. அடுத்த முறை சுருசுருப்பு தொடங்கியதுமே நர்ஸிடம் சொல்லுங்கள், மெஷினின் வேகத்தைக் குறைப்பார்கள்.