குளுவாங்கில் நம்ம ஊர் காப்பி

தம்பி, மலேசியாவில் ஜொகூர் மாநிலத்துக் குளுவாங் ஊருக்கு வந்து பத்து நாளாகியும் வாய்க்குப் பிடித்த காப்பி கிடைக்கவில்லை, கடையில் கேட்டால் கருகல் வாசத்தோடு பாயசம் மாதிரி இனிப்பாகக் கொடுக்கிறார்கள், என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். 19 வருஷத்துக்கு முன்னால் கும்பகோணத்திலிருந்து இங்கே செம்பனை (பாமாயில்) ஆலை வேலைக்கு வந்த புதிதில் நானும் இதே ஏக்கத்தில்தான் இருந்தேன்.

முதலில் கொட்டையே வேறு. நம் ஊரில் அரபிகா, பீபெரி, கொஞ்சம் ரொபஸ்டா என்று கலந்து சிக்கரி சேர்த்து அரைப்பார்கள். மலேசியாவில் விளைவது பெரும்பாலும் லைபெரிகா. உயர்ந்த மரம், பெரிய கொட்டை, முகர்ந்தால் லேசாகப் பலாப்பழ வாசம். கித்தா, அதாவது ரப்பர், வருவதற்கு முன்னால் இந்த நாட்டில் காப்பித் தோட்டங்கள் இருந்தன, நம் ஆட்கள் பலர் அந்த வேலைக்குத்தான் கப்பலேறி வந்தார்கள். கடைக் கோப்பியில் (காப்பியை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) ரொபஸ்டாவும் சேரும், அதில் காஃபின் அரபிகாவைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு, அதனால் ராத்திரி ஷிப்டு முடித்துவிட்டுக் குடிக்காதீர்கள், தூக்கம் போய்விடும். வறுக்கும்போதே சர்க்கரையும் மார்ஜரினும் போடுகிறார்கள்; சர்க்கரை கருகிக் கொட்டைமேல் பளபளவென்று ஒட்டிக்கொள்ளும், நீங்கள் சொன்ன வாசம் அதுதான்.

சரி, கேட்கும் விதம். வெறும் கோப்பி என்றால் டின் கெட்டிப்பால் போட்டது. கோப்பி ஓ என்றால் பாலில்லாமல் சர்க்கரை மட்டும், ஹொக்கியன் மொழியில் ஓ என்றால் கறுப்பு. சர்க்கரையும் வேண்டாமென்றால் கோப்பி ஓ கோசோங். நமக்குத் தோதானது கோப்பி சி: இனிப்பில்லாத டின் பாலும் சர்க்கரையும். கூடவே 'கூராங் மானிஸ்' என்று சொல்லுங்கள், இனிப்பைக் குறைத்துவிடுவார்கள். நம் டிகிரி காப்பிக்குப் பக்கத்தில் வருவது அது ஒன்றுதான்.

போடுவதைக் கிட்ட நின்று பாருங்கள். கால்சட்டைக் காலைப் போல நீண்ட துணிப்பையில் தூளைப் போட்டு, கொதிநீரை உயரத்திலிருந்து ஊற்றி, இறங்கியதை மறுபடி அதே பைக்குள் ஊற்றுவார்கள். வருஷக்கணக்காகக் கறை ஏறிக் கறுத்த அந்தத் துணி வழியாக இறங்கும் டிகாக்ஷன் அவ்வளவு திடம்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். இந்த ஊர்த் தூளை நம் பித்தளை ஃபில்டரில் போட்டேன், சர்க்கரை இளகி ஓட்டையெல்லாம் அடைத்து, காலைவரை நாலு சொட்டுதான் இறங்கியது, ஊசியால் குத்தி எடுக்க வேண்டியதாயிற்று. வீட்டுக்கு ஊரிலிருந்து சிக்கரி கலந்த தூள் வரவழைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், 1938இல் இந்த ஊர் ரயில் நிலையத்தில் தொடங்கிய கடையின் கோப்பியை, காயா (தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை சேர்த்த ஜாம்) தடவிய, கரியில் சுட்ட ரொட்டியோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை குடித்துப் பாருங்கள்.