பிள்ளைக்கு மூன்று ஊசி, தாய்க்கு?

கேள்வி: என் மகளுக்கு 27 வயது. கர்ப்பத்தில் சர்க்கரை இருந்ததால் ஏழாம் மாதம் முதல் இன்சுலின் போட்டார்கள். பிரசவத்துக்குப் பின் சர்க்கரை இறங்கிவிட்டது என்று நிறுத்திவிட்டார்கள். பேரனுக்கு இப்போது நாலரை மாதம். மகள் எந்நேரமும் அசதியாக இருக்கிறாள். இரவில் பால் கொடுக்க எழும்போதெல்லாம் ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்கிறாள். 45ஆம் நாள் பிள்ளைக்கு ஊசி போடப் போனபோது அவளையும் வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருந்தார்கள். பச்சை உடம்பு என்று இரண்டு இட்லி கொடுத்துத்தான் அனுப்பினேன். எனக்கும் பத்து வருடமாகச் சர்க்கரை உண்டு. பிரசவ லேகியத்தில் சேர்த்த வெல்லத்தால் அவளுக்குத் திரும்ப வந்திருக்குமா?
ஒரு தாய், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: லேகியத்தைப் பிறகு பார்ப்போம், சகோதரி. போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்ட அந்த இரண்டு இட்லியில்தான் என் கண் நின்றது. வெறும் வயிற்றில் பார்க்க வேண்டிய சர்க்கரைச் சோதனை அதனால்தான் தவறிப்போனது. அன்று கொடுத்ததைக்கூட மன்னிக்கலாம். பிள்ளை பெற்றவளைப் பட்டினி போட எந்தத் தாய்க்கு மனம் வரும்? கர்ப்பத்தின்போது சாப்பிட்டிருந்தாலும் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்துச் சோதித்திருப்பார்கள், இதுவும் அப்படித்தான் என்று எண்ணியிருப்பீர்கள். ஆனால் மறுவாரமாவது அவளை ஏன் திரும்ப அழைத்துப் போகவில்லை? 45, 75, 105 என்று நாள் தவறாமல் பேரனைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்தின் படியேறியிருப்பீர்கள். மூன்று முறையும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளுக்கு இரத்தம் எடுக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றவில்லை. பிள்ளையைப் பெற்றுக் கொடுத்ததும் பெண்ணின் உடம்பைக் குடும்பம் மறந்துவிடுவதை எத்தனையோ கடிதங்களில் படித்திருக்கிறேன். பெற்றவளே மறப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையைத் தடுக்கின்றன. கணையம் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்ட முடியாதபோது சர்க்கரை ஏறுகிறது. நஞ்சு விழுந்ததும் அந்தத் தடை நீங்கி அளவு இறங்கிவிடும். ஈடுகொடுக்க முடியாமல் போன கணையம் அப்படியேதான் இருக்கும். அதனால்தான் கர்ப்பச் சர்க்கரை கண்டவர்களுக்குப் பிற்காலத்தில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு, அது வராத தாய்மார்களைவிட ஏழு மடங்குக்குக் குறையாது. உங்களுக்குச் சர்க்கரை இருப்பதும், சாப்பாட்டுக் கட்டுப்பாட்டில் அடங்காமல் அவளுக்கு இன்சுலின் தேவைப்பட்டதும் அந்த வாய்ப்பை மேலும் கூட்டுகின்றன. பிரசவத்துக்குப் பின் எடை இறங்காதிருந்தால் இன்னும் மோசம். காட்டு வேலை செய்த உடம்புக்குச் சர்க்கரை வராது என்று ஊரில் யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். மூன்று வேளையும் தீட்டிய அரிசியைச் சாப்பிட்டு, மாதக்கணக்கில் வீட்டுக்குள்ளேயே இருப்பவளுக்கு அந்தப் பழைய உழைப்பு துணைக்கு வராது.

லேகியம் மட்டுமே இந்த நோயைக் கொண்டுவராது. ஆனால் சர்க்கரை இருந்தவளுக்கு வெல்லப் பாகில் கிண்டியதைத் தினமும் கொடுத்தது தவறு, இன்றோடு நிறுத்துங்கள். பால் கொடுப்பவளுக்குத் தாகம் எடுப்பது இயல்புதான் என்றாலும், அவளுடைய தாகத்தையும் அசதியையும் பாலின்மேல் போட்டுவிட்டுச் சும்மா இருக்க உங்களுக்கு உரிமையில்லை. வாந்தி, மூச்சிரைப்பு, மயக்கம் இவற்றில் எது கண்டாலும் காலைவரை காத்திராமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

இல்லையென்றால் நாளைக் காலையே கிளம்புங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் எட்டு மணி நேரம் தண்ணீர் தவிர வேறெதுவும் கூடாது. பிள்ளைக்குப் பால் கொடுக்கலாம். வெறும் வயிற்றில் ஒருமுறை இரத்தம் எடுத்து, 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கச் சொல்லி, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் எடுப்பார்கள். முதல் அளவு 126 அல்லது அதற்கு மேல் இருந்தாலும், இரண்டாவது 200 அல்லது அதற்கு மேல் இருந்தாலும் சர்க்கரை நோய். இரண்டாவது 140 முதல் 199 வரை என்றால் நோயின் வாசலில் நிற்கிறாள் என்று பொருள். நன்றாகவே வந்தாலும் ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். அடுத்த பிள்ளைக்கு முன் கட்டாயம் பார்க்க வேண்டும். சர்க்கரை கட்டுப்படாமல் கருத்தரித்தால், கர்ப்பம் என்று தெரிவதற்குள்ளேயே சிசுவின் இதயமும் முதுகுத்தண்டும் பழுதுபடலாம். மறுபடி இன்சுலின் போட நேர்ந்தாலும் பாலை நிறுத்த வேண்டாம். தாய்ப்பால் கொடுப்பது அவளுக்கும் நல்லது.

இந்த முறையும் இட்லி செய்யுங்கள். அதைத் தூக்குவாளியில் போட்டு நீங்களே எடுத்துக்கொண்டு அவளோடு போங்கள். இரண்டாம் முறை இரத்தம் எடுத்த பிறகு திறந்து கொடுங்கள்.